என் முட்டிக்குப் போடாத தையல்

ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதற்காக ஆஸ்பத்திரியில் சண்டை போட்டவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது. ஒருத்தி நிச்சயமாக இருக்கிறாள். ஆம்பூரில் இருக்கிறாள், ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர், பெயர் வசந்தா. நான்தான்.

எனக்குக் கிழிசலைக் கண்டால் ஆகாது. எங்கள் லைனில் ஷூவின் மேல்தோல் தைத்து வரும்போது எங்கேயாவது கிழிசல் கண்ணில் பட்டால் இரண்டே வழிதான் உண்டு. தைக்க வேண்டும், அல்லது ரிஜெக்ட் பெட்டியில் போட வேண்டும். மூன்றாவது வழி எங்கள் தொழிலில் கிடையாது, ஆகவே என் மூளையிலும் கிடையாது. (என் மகளைப் பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளையின் சட்டைக் காலரில் தையல் பிரிந்திருந்தது என்று அந்தச் சம்பந்தத்தையே ரிஜெக்ட் செய்தவள் நான். பையன் இப்போது பெரிய ஆபீசராக இருக்கிறானாம். இருக்கட்டும், காலர் காலர்தான்.)

போன வருஷம் ஆயுதபூஜைக்கு முதல் நாள். அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் எங்கள் கம்பெனியில் தையல் ஓடாது. அவரவர் மெஷினை அவரவர் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். சூப்பர்வைசர் துடைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் எங்கள் பெண்கள் துடைப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா நிற்க முடியவில்லை (அது துடைப்பது இல்லை, மெஷினைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைப்பது). "தள்ளுங்கடி" என்று குந்தி உட்கார்ந்து மெஷினுக்கு அடியில் தலையை நுழைத்தேன். அந்த நேரம் பார்த்து எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். யாரென்று பார்த்துத் திட்டுவதற்காகக் குந்தினபடியே வெடுக்கென்று திரும்பினேன். முட்டிக்குள் 'சடக்'. திட்டில் பாதி வெளியே வந்தது, மீதி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அதற்கப்புறம் முட்டி வீங்கிக்கொண்டது. தைலம் தேய்த்தேன், ஒத்தடம் கொடுத்தேன். படி இறங்கினால் கண்ணில் தண்ணீர் வந்தது. வேறு சமயமாக இருந்தால் போய்த்தொலைகிறது என்று விட்டிருப்பேன். அது விடக்கூடிய சமயம் இல்லை. பள்ளிகொண்டா பக்கத்தில் எங்கள் கம்பெனி புது யூனிட் கட்டிக்கொண்டிருந்தது. தை பிறந்தால் திறப்பு. புதிதாக வரும் பெண்களுக்குத் தையல் பழக்க ஒரு ட்ரெயினிங் இன்சார்ஜ் வேண்டும், பெரும்பாலும் நீங்கள்தான் என்று மேனேஜர் என்னிடம் சொல்லியிருந்தார். எனக்கோ மாசியில் ஐம்பத்தெட்டு முடிகிறது. முடிந்தால் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்தப் பதவி கிடைத்தால் மட்டும் இன்னும் சில வருஷம் வேலையில் இருக்கலாம்.

எனக்கு அந்தப் பதவி வேண்டும். உயிர் போகிற மாதிரி வேண்டும். எந்த சீரியலில் எந்த மாமியார் எந்த மருமகளின் பாலில் என்ன கலந்தாள் என்று கவலைப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்கார என்னால் ஆகாது. ஆனால் இன்சார்ஜ் என்றால் நாள் முழுக்க நிற்க வேண்டும், நடக்க வேண்டும், மெஷினுக்கு மெஷின் குனிய வேண்டும். நான் நொண்டினால் அந்த இடத்துக்குப் போக செல்வராணி தயாராக இருந்தாள். இரண்டாவது லைன் சூப்பர்வைசர். என்னைவிட ரொம்பச் சின்னவள், நல்லவள், வேலைக்காரி. அவளிடம் எனக்குப் பிடிக்காதது அவளுடைய இரண்டு முட்டிகள் மட்டும்தான்.

நானும் என் வீட்டுக்காரரும் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட் கொடுத்த இடத்தில் இருந்த தம்பியிடம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். முட்டிக்குள் இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்கிற ஜவ்வு கிழிந்திருக்கிறது, மற்றதை டாக்டர் சொல்வார் என்றான்.

மற்றதை யார் கேட்டது? எனக்குத் தலைகால் புரியவில்லை. பயத்தால் இல்லை, சந்தோஷத்தால். கிழிசல்தானே! என் சொந்தத் தொழில்! தைத்தால் முடிந்தது. இந்தக் காலத்தில் முட்டியைப் பிளப்பதுகூட இல்லையாம், சின்னத் துளை போட்டே செய்துவிடுகிறார்களாம், காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். பத்து நாளில் லைனில் நிற்கலாம், தை பிறந்தால் பள்ளிகொண்டா. வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலேயே முடிவு பண்ணிவிட்டேன். டாக்டரைப் பார்க்கச் சனிக்கிழமைதான் நேரம் கொடுத்திருந்தார்கள். ஆக, சனிக்கிழமை எனக்கு ஆபரேஷன்.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வாழ்நாள் பூராவும் கத்திவிட்டதால் இப்போது அதிகம் பேச மாட்டார். "டாக்டர் இன்னும் ஸ்கேன பாக்கவே இல்ல" என்றார்.

"கிழிஞ்சிருக்குன்னு எழுதியே குடுத்துட்டாங்க. அவங்க பாத்தா இன்னா, பாக்காட்டி இன்னா?" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் லைன் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கேன்டீனில் எனக்கு ஒரு வழியனுப்பு விழாவே நடந்தது. மேனேஜர் இரண்டு வார்த்தை பேசினார். எஸ்தர் என்கிற பெண் ஜெபம் செய்தாள், எல்லோரும் கண்ணை மூடி நின்றார்கள் (செத்தவர்களுக்குத்தான் இப்படி நிற்பார்கள் என்று எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது). இன்னொருத்தி விரிஞ்சிபுரம் கோயிலுக்கு வேண்டிக்கொண்டாள். என் தோஸ்த் ஷமீம், பக்கத்துத் தெரு, நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், அவள் எனக்காகச் சனிக்கிழமை நோன்பு இருக்கப்போவதாகச் சொல்லி அழுதுவிட்டாள். ஒரு முட்டிக்காக மூன்று சாமிகளுக்கும் தகவல் போய்விட்டது. எனக்கு ஒரே பெருமை.

சனிக்கிழமை காலை பை நிறைய சாமானோடு ஆஸ்பத்திரிக்குப் போய் இறங்கினேன். நைட்டி, போர்வை, ஃபிளாஸ்க், தட்டு, டம்ளர், ஒரு தலையணை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் சாப்பிடக்கூடாதே! வரிசையில் உட்கார்ந்திருந்த எல்லோரும் கையில் ஒரு ஸ்கேன் கவரோடு வந்திருந்தார்கள். தலையணையோடு வந்திருந்தது நான் ஒருத்திதான்.

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார். முட்டியை மடக்கினார், நீட்டினார், அமுக்கினார். நடக்கச் சொன்னார். "நடுவுல எங்கயாவது முட்டி பூட்டிக்குதா? மடக்கவும் முடியாம நீட்டவும் முடியாம நின்னுடுதா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னால்தான் தைப்பார் போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"நேத்து மார்க்கெட்ல என்னை விட்டுட்டு முன்னாடி போய்ட்டாங்க டாக்டர்."

டாக்டரம்மா சிரித்தார். ஆபரேஷன் வேண்டாம், எக்சர்சைஸ் போதும் என்றார்.

பையில் கைவிட்டு ஒரு துண்டுத் தோலை எடுத்து மேஜைமேல் வைத்தேன். (ஆமாம், கொண்டுபோயிருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று.) ஓரத்தில் கிழித்துக் காட்டினேன். "இது கிழிஞ்சிருக்குது. இதுக்கு எக்சர்சைஸ் குடுத்தா ஒட்டிக்குமா டாக்டர்? தைக்கணும். எப்படித் தைக்கணும்னு வேணா நான் சொல்றேன்" என்றேன். கிழிசலின் இரண்டு முனையிலும் தையலைத் திருப்பிப் போட்டு இறுக்காவிட்டால் பிரிந்துவிடும் என்று ஒரு எலும்பு டாக்டருக்கு விளக்கம் வேறு சொன்னேன். வெளியே வரிசையில் இருந்தவர்கள் கதவுப்பக்கம் நகர்ந்து வந்து கேட்க ஆரம்பித்தார்கள்.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது புதுத் தோல்மா. ரொம்ப வருஷம் தேஞ்சு நைஞ்ச தோல்ல தைச்சா நிக்குமா?" என்றார்.

நிற்காது. எனக்குத் தெரியும். நைந்த தோலில் ஊசி இறங்கின இடமெல்லாம் இன்னொரு கிழிசலாகிவிடும்.

இந்த வயதில் வருவது தேய்மானத்தோடு வருகிற கிழிசல், வலியே இல்லாமல் நடமாடுகிறவர்களில்கூடப் பல பேர் முட்டிக்குள் இப்படி இருக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். துளை போட்டு அந்த ஓரத்தை வெட்டிச் சீராக்கினாலும், ஒழுங்காக எக்சர்சைஸ் செய்தவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் நன்றாகிவிடுவதில்லையாம். தொடைத் தசை பலமானால் முட்டிமேல் விழுகிற பாரத்தை அது வாங்கிக்கொள்ளுமாம். மூன்று மாதம் செய்யுங்கள், அதற்கும் அடங்காவிட்டாலோ முட்டி பூட்டிக்கொண்டாலோ அப்போது ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம் என்றார்.

எல்லாம் காதில் விழுந்தது. ஆனால் எனக்கு மூன்று மாதம் என்பது மட்டும்தான் புரிந்தது. பத்து நாளில் நிற்கப்போனவளுக்கு மூன்று மாதமா?

"என்னை ரிஜெக்ட் பண்றீங்களா டாக்டர்?" என்று கேட்டேன். பையை வேகமாக இழுத்தேன், ஃபிளாஸ்க் கீழே விழுந்து வராண்டா வரைக்கும் உருண்டது. அதை எடுத்துக்கொடுத்த ஒரு பெரியவர், "எந்த வார்டும்மா?" என்று கேட்டார். எந்த வார்டும் இல்லை என்று சொல்லாமல் ஃபிளாஸ்க்கை வாங்கிப் பைக்குள் திணித்தேன்.

ஃபிசியோ அறையில் ஒரு பெண் எனக்கு மூன்று வேலை சொல்லிக்கொடுத்தாள். மல்லாந்து படுத்துக் காலை மடக்காமல் தூக்க வேண்டும். நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். சுவரில் முதுகைச் சாய்த்துப் பாதி உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். இதற்கா மூன்று சாமி! கிளம்பும்போது முட்டிக்கு இழுத்து மாட்டுகிற ஒரு பட்டையைக் கொடுத்தாள். அந்தப் பட்டைதான் என்னைக் கெடுத்தது.

சாயங்காலம் ஆட்டோவிலிருந்து இறங்கினேன். தெருவே வாசலில் நின்றது. முட்டியில் பட்டை, கையில் தலையணை, பட்டினி கிடந்து வாடின முகம். வேறென்ன அத்தாட்சி வேண்டும்? ஷமீம் ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள். நோன்பு இருந்து அவளுக்கு உதடு காய்ந்திருந்தது. "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிதா வசந்தா?" என்று கேட்டாள்.

"ம்" என்றேன்.

சத்தியமாக அவ்வளவுதான். நான் சொன்ன பொய்யின் மொத்த நீளம் ஒரே ஒரு எழுத்து. அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டு வேறு எதைச் சொல்வது? வீட்டுக்குள் போனதும் என் வீட்டுக்காரர், "இப்பவே போய் சொல்லிடு" என்றார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி லீவு. என் லைன் மொத்தமும் வந்து இறங்கியது.

கூடத்தில் கட்டிலைப் போட்டு, பட்டைக்கு மேலே ஒரு துணியையும் சுற்றிக்கொண்டு படுத்திருந்தேன். சாத்துக்குடி, ரொட்டி, பாலில் கலக்கிற சத்துமாவு பாட்டில்கள் எல்லாம் தலைமாட்டில் மலையாகச் சேர்ந்தன. முட்டிக்கு நல்லது என்று ஷமீம் ஒரு பெரிய குண்டான் நிறைய ஆட்டுக்கால் பாயா செய்து தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். எனக்கு ராஜமரியாதை. கண்ணை லேசாக மூடி, தேவைப்பட்ட இடத்தில் முனகி, நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் வந்திருந்தவர்கள் யார் என்பதை நான் மறந்துவிட்டேன். அத்தனை பேரும் தையல்காரிகள்.

"அக்கா, எத்தினி தையல்?" என்று எஸ்தர் ஆரம்பித்தாள்.

நாலஞ்சு இருக்கும் என்றேன். நாலா, அஞ்சா என்று கேட்டாள். உள்தையலா வெளித்தையலா என்று இன்னொருத்தி. நூல் நைலானா, தானாகக் கரைகிற நூலா? முனையைத் திருப்பிப் போட்டார்களா? நெருக்கமா, எட்டமா? தையலைப் பற்றி இத்தனை கேள்வி கேட்கலாம் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஷமீம் மட்டும், "பாவம், பேஜார் பண்ணாதீங்கடி" என்று அதட்டினாள். செல்வராணி கால்மாட்டில் வந்து உட்கார்ந்தாள். "ஒரே ஒரு வாட்டி துணிய அவுத்துக் காட்டுக்கா. டாக்டர் தையல் எப்படி இருக்குதுன்னு பாக்கணும்" என்றாள். பத்துத் தலைகள் என் முட்டியை நோக்கிக் குனிந்தன. நான் போர்வையை இழுத்து இடுப்புவரை மூடிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் மேனேஜர் உள்ளே வந்தார். அப்பாடா என்று இருந்தது. ஆப்பிளை வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, ரொம்ப அன்பாகப் பேசினார். அந்த அன்பைப் பார்த்தே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"நீங்க எதுக்கும் கவலப்படாதீங்கம்மா. ஆபரேஷன் ஆன கால். அத வெச்சிக்கிட்டு தெனம் பள்ளிகொண்டா போய் வர்றது, நாள் பூரா நிக்கிறது, ரிஸ்க்கு. நல்லா ரெஸ்ட் எடுங்க. இன்சார்ஜா செல்வராணிய போடலாம்னு முடிவு பண்ணிட்டோம்."

செல்வராணி முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்கும் அப்போதுதான் தெரியும். எனக்கு என்ன ஆனது என்று பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். போர்வை ஒரு பக்கம் பறந்ததாம். துணியையும் பட்டையையும் உருவி வீசியிருக்கிறேன். கட்டிலிலிருந்து குதித்து நடுக்கூடத்தில் நின்றிருக்கிறேன்.

"ஆபரேஷனே ஆவல சார். ஒரு தையலும் இல்ல. வேணான்னுட்டாங்க சார்."

எல்லோரும் கீழே கிடந்த பட்டையையே பார்த்தார்கள். அவர்கள் நம்பவில்லையோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. சுவரில் போய் முதுகைச் சாய்த்தேன். கைக்குக் கிடைத்த சத்துமாவு பாட்டில் இரண்டைக் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, பாதி உட்கார்ந்தேன், எழுந்தேன். உட்கார்ந்தேன், எழுந்தேன். "பாருங்க சார், பாருங்க" என்று சொல்லிக்கொண்டே செய்தேன். முட்டி வலித்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, ஆனால் நிறுத்தவில்லை. மேனேஜர் ஆப்பிள் பையை மறுபடி கையில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். எங்கள் பெண்களுக்கு முதல் அதிர்ச்சி தீர்ந்ததும் தொழில்புத்தி வந்துவிட்டது. எஸ்தர் குனிந்து என் முட்டியைச் சுற்றிலும் பார்த்தாள். "ஆமா சார், தையல் இல்ல" என்று சான்று கொடுத்தாள். அதற்குமேல் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் கதவோரம் நின்று, வாழ்நாளில் வீட்டுக்குள் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னார். "ரைட்."

சிரிக்காதவள் ஷமீம் ஒருத்திதான். பாயாக் குண்டானை மூடித் தூக்கினாள். "நான் எச்சில்கூட முழுங்காம இருந்தேன் வசந்தா" என்றாள். போய்விட்டாள். அந்த நிமிஷம் எனக்குப் பதவியும் வேண்டாம், முட்டியும் வேண்டாம், பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் போதும் என்று இருந்தது.

மேனேஜர் நல்ல மனிதர். போகும்போது, யூனிட் திறக்கிற அன்றைக்கு நீங்கள் வந்து நில்லுங்கள், நொண்டாமல் நின்றால் அப்போது பேசலாம், அதுவரை செல்வராணி பார்க்கட்டும் என்றார்.

மறுநாள் காலை கதவு தட்டும் சத்தம். ஷமீம். முகத்தில் சிரிப்பு இல்லை. நேராக உள்ளே வந்து நாற்காலியை நடுக்கூடத்தில் இழுத்துப்போட்டாள். "என் நோன்பு வீணாப் போவக்கூடாது. உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன். "எழுந்திரு." எழுந்தேன். தினமும் வந்தாள். மழை பெய்தாலும் வந்தாள். நான் கையை ஊன்றினால் அது கணக்கில் சேராது என்பாள். வலி ஜாஸ்தி என்று முனகினால், "அன்னிக்கும் இப்படித்தான் முனகுன" என்பாள். ஃபிசியோ பெண்கூட என்னிடம் இவ்வளவு கறாராக இல்லை. ஐப்பசி போய்க் கார்த்திகையும் முடிந்தபோது, கைப்பிடியைப் பிடிக்காமல் கம்பெனிப் படியில் இறங்கினேன். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த ஷமீம் திரும்பி நடந்தாள். சாயங்காலம் பாயாக் குண்டான் திரும்பி வந்தது.

தையில் யூனிட் திறந்தார்கள். மேனேஜர் என்னைத் தேடிக்கொண்டு வந்தபோது நான் குந்தி உட்கார்ந்து ஒரு மெஷினுக்கு அடியில் எண்ணெய்க் கசிவு பார்த்துக்கொண்டிருந்தேன். "வசந்தாம்மா" என்று கூப்பிட்டார். இந்தத் தடவை வெடுக்கென்று திரும்பவில்லை. மெதுவாக எழுந்து, காலை நகர்த்தி, அப்புறம் திரும்பினேன். கையை எதிலும் ஊன்றவில்லை. அவர் அதைப் பார்த்தார். "எப்ப இருந்து வர்றீங்க?" என்று மட்டும் கேட்டார். நாளைக்கே என்றேன். செல்வராணிக்கு ஆம்பூரில் என் இடம். என் நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாளே அவள் எனக்கு போன் செய்து, "அக்கா, தையல் எத்தினி?" என்று கேட்டாள்.

எல்லா முட்டிக்கும் இதுவேதான் வழி என்று சொல்ல நான் டாக்டர் இல்லை (அந்த ஆசை தோல்துண்டோடு போய்விட்டது). என் முட்டிக்குள் அந்தக் கிழிசல் இன்னும் அப்படியேதான் இருக்கும் என்கிறார் டாக்டரம்மா. தைக்கவும் இல்லை, ரிஜெக்ட்டும் ஆகவில்லை. அதை வைத்துக்கொண்டு தினமும் பள்ளிகொண்டா பஸ் ஏறுகிறேன், இறங்குகிறேன்.

ஆனால் என் வீட்டில் கிழிசலுக்கு மரியாதை போய்விட்டது. போன வாரம் என் வீட்டுக்காரரின் வேட்டி ஆணியில் மாட்டி ஒரு முழம் கிழிந்தது. ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் வேட்டியைக் கொடுக்கவில்லை. மடித்து, நாற்காலியின்மேல் உட்காரவைத்து, ரொம்பக் கனிவாக அதனிடம் சொன்னார்.

"மூணு மாசம் எக்சர்சைஸ் பண்ணு. சரியாவலன்னா அப்புறம் பாக்கலாம்."